இரண்டாம் நம்பர் டோக்கன்

இன்று மத்தியானம் உன் மகள் வந்து ஒரு பித்தளை டோக்கனை என் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பழைய ஒரு ரூபாய் அளவு. மேலே ஒரு ஓட்டை, நடுவில் ஆணியால் குத்திய இரண்டு என்ற எண். உன் தையல் மெஷினின் டிராயரில், பாபின்களுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்ததாம். அவள் போன பிறகு அதைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்தபோது உள்ளங்கையெல்லாம் அந்த வாடை. வியர்வையும் பித்தளையும் சேர்ந்த வாடை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இன்னும் போகவில்லை.

நீ போய் இருபது நாள் ஆகிறது. சாவுக்கு நான் வரவில்லை என்று உன் வீட்டில் நினைத்திருப்பார்கள். வந்தேன். கரையான்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூக்கடையில் மாலை வாங்கிக்கொண்டு, உன் தெரு முனைவரை வந்தேன். சாமியானா தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களின் முதுகு தெரிந்தது. அதற்கு மேல் கால் போகவில்லை. எதிர்ப்பக்கம் போய் நின்று, வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். மாலையை என்ன செய்தேன் என்று மட்டும் கேட்காதே.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல முப்பது வருஷமாகப் பாக்கி இருக்கிறது. நீ இருக்கும்போது சொல்ல வாய் வராதவளுக்கு இப்போது எழுத மட்டும் கை வருகிறது. கோழைகளுக்கு எழுத்து நன்றாக வரும்போலிருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தச் சட்டைக் கம்பெனியில் ஏழாவது லைனுக்கு நான் சூப்பர்வைசர். எனக்கு இருபத்திரண்டு வயது. பன்னிரண்டாவது படித்திருந்தேன், கையெழுத்து அழகாக இருக்கும். அவ்வளவுதான் தகுதி. ஒரு பட்டன் பட்டியை நேராகத் தைக்கச் சொன்னால் தைக்கத் தெரியாது. நீ என்னைவிட மூன்று வயது மூத்தவள், காலர் வைக்கிறவள். நீ வைத்த காலரைப் பிரித்துத் திருப்பி அனுப்பும் பாக்கியம் செக்கிங்கில் யாருக்கும் கிடைத்ததில்லை. அப்படிப்பட்ட நீ பாத்ரூம் போக வேண்டுமென்றால் என்னிடம் வந்து கைநீட்டி நிற்க வேண்டும்.

இப்போது யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். முப்பத்திரண்டு பெண்கள் உள்ள லைனுக்கு இரண்டே டோக்கன். அது என் மேசையில் இருக்கும். வாங்கிக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்து வைத்தால்தான் அடுத்தவள் போகலாம். டோக்கன் இல்லாமல் எழுந்தால் அன்றைக்கு அரை நாள் ஆப்சென்ட். அதனால் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் பழகிக்கொண்டவர்கள் லைனில் பாதிப்பேர். மற்ற சூப்பர்வைசர்கள் வாட்ச்சைப் பார்ப்பார்கள், நான் பார்க்கமாட்டேன். அதற்காக என்னை நானே பெரிய தாராள மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடியில், லைனில், நீ என்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். அது கம்பெனி உத்தரவு. சாப்பாட்டு மணி அடித்ததும் நீ அதைக் கழற்றி வைத்துவிடுவாய். அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பட்டப்பேர் வைக்க உனக்கு அது போதும்.

"மேல கீறப்ப மேடம், கீய எறங்கனா குவார்ட்டர்ஸு. கணக்கு சரியா போச்சா?" என்பாய்.

மாடிப்படிக்குக் கீழே நம் இரண்டு பேருக்கும் ஓர் இடம் இருந்தது. என் அம்மா கட்டிக்கொடுத்த திருநெல்வேலிக் குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாமே, ஒங்கம்மா இதுல தேங்காத் தோப்பையே கொட்டிக்கிதா" என்பாய். உன் கருவாட்டுக் குழம்பை நான் வழித்துத் தின்பேன். இந்தக் கம்பெனி இருந்த இடத்தில் உன் அம்மா நாற்று நட்டிருக்கிறார் என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாய். சாப்பிட்டு முடித்ததும் படிக்கட்டுக் குழாயில் உன் எவர்சில்வர் சொம்பை நிரப்பி, நீ பாதி அண்ணாந்து குடித்துவிட்டு என்னிடம் நீட்டுவாய். நான் மீதியைக் குடிப்பேன். இரண்டு வருஷம் அப்படித்தான்.

அந்த ஐப்பசி மழை உனக்கு ஞாபகம் இருக்கும். எஸ்டேட் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சாக்கடை எது, மழைத் தண்ணீர் எது என்று பிரிக்க முடியவில்லை. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில்தான் குடிதண்ணீர் சம்ப், படிக்கட்டுக் குழாய்க்குத் தண்ணீர் ஏறுவது அதிலிருந்துதான். அதன் மூடி இரண்டு நாள் முழுகிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த அன்று காலையில் வாட்ச்மேன் என்னிடம் சொன்னார்.

"சம்ப்புல நாத்தம் அடிக்குதும்மா. ஆபீஸ்ல சொல்லிட்டேன். நீ எதுக்கும் குடிக்காத."

அந்த வாரமே சுற்றுவட்டாரத்தில் வாந்திபேதி என்று பேச்சு வந்தது. நம் கம்பெனியில் ஒருநாள் நாலு பேர் வரவில்லை, மறுநாள் ஒன்பது பேர். ஆவடியிலிருந்து வருகிறவள், பட்டாபிராமிலிருந்து வருகிறவள், திருநின்றவூரிலிருந்து வருகிறவள் என்று திசைக்கொருத்தி. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்தக் குழாய் ஒன்றுதான். இதைக் கண்டுபிடிக்க டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

நகராட்சியிலிருந்து ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜர் அறையில் உட்கார்ந்து ஒரு நோட்டீஸ் கொடுத்தார். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி கேட்டில் ஒட்ட வேண்டும் என்றார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்த அறையிலேயே நின்று, சார்ட் பேப்பரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். இப்போதும் அப்படியே சொல்வேன். சம்ப் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை நிர்வாகம் எல்லோருக்கும் தர வேண்டும். வாந்தி பேதி கண்டவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அந்த நாட்களுக்கு ஆப்சென்ட் போடக் கூடாது. மூன்று வரி. நன்றாகத்தான் எழுதியிருந்தேன், இன்ஸ்பெக்டரே தலையாட்டினார்.

அவர் போனதும் மேனேஜர் அந்த சார்ட்டைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, டிராயரில் வைத்தார். சூப்பர்வைசர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதை ஒட்டினா நாளைக்குப் பாதிப் பேர் வரமாட்டாங்க. ஷிப்மென்டுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. இது போகலைன்னா அடுத்த ஆர்டர் வராது. அப்புறம் இங்க யாருக்கும் வேலை இருக்காது. சரக்கு போகட்டும், நானே ஒட்டறேன்" என்றார். மெதுவாகத்தான் பேசினார். "ஸ்டாஃபுக்கு மட்டும் உள்ள தண்ணி காய்ச்சி வெச்சிருக்கு. நீங்க அதைக் குடிங்க. லைன்ல வாய விடாதீங்க."

அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபமாகப் போய்விடும். அவருக்கும் மேலே யாரோ இருந்தார்கள். ஆனால் அவர் கையால்தான் அண்டாவிலிருந்து முதல் டம்ளரை மொண்டு என்னிடம் நீட்டினார். வெதுவெதுப்பாக, புகை வாடையோடு இருந்தது. நான் குடித்தேன். இதைச் செய்யமாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நமக்கு இருக்கிறதே என்றுதான் தோன்றியது. இதை எழுதும்போது என் முகம் எரிகிறது.

அன்று சாயங்காலம் கேட்டிலிருந்து ஆபீஸ் வாசல்வரை பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தால் நடக்கிற வழி அது. சம்ப்பில் ஒரு பிடிகூடப் போடவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நீ வழக்கம்போல் சொம்பை நீட்டினாய். இதை எதிர்பார்த்துத்தான் ஆபீஸ் அண்டாவிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருந்தேன்.

"எனக்குத் தொண்டை வலி. டாக்டர் வெந்நீர்தான் குடிக்கணும்னுட்டார்" என்றேன்.

இதைச் சொல்வதற்குப் பதில் வேறு மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தண்ணியக் குடிக்காதே. அவ்வளவுதான். உன் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். நீ லைனில் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். நீ சொல்லியிருப்பாய் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

நீ என் முகத்தைத் தூக்கிப் பிடித்து, "வாயத் தொற" என்றாய். வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்தாய். "செவந்துதான் கீது" என்றாய். எங்கே சிவந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. பிரியம் வைத்தவர்களுக்கு நாம் சொன்னதெல்லாம் கண்ணுக்கும் தெரியும்போலிருக்கிறது.

அடுத்த நாள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு போட்டுக் கொதிக்கவைத்த கஷாயத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாய். மேனாம்பேட்டிலிருந்து நடந்து வரும்போது ஆறிவிடக் கூடாது என்று இடுப்பில் அணைத்துப் பிடித்து வந்திருந்தாய். ஒன்றரை வயசுப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வருகிறவள் நீ.

"ஒரே மடக்கா குடி. கசக்கும். எங்க தெருவுல நோவு கீதுன்னு ஊட்ல எல்லாத்தயும் கொதிக்க வெச்சிதான் குடிக்கிறோம். நீ பயப்படாத" என்றாய்.

வீட்டில் கொதிக்க வைத்துக் குடித்தவள் நீ. எனக்குக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தவள் நீ. அதைக் கொடுத்துவிட்டு, எழுந்து போய், படிக்கட்டுக் குழாயில் சொம்பைப் பிடித்து அண்ணாந்து குடித்தாய். உன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் உன் கஷாயத்தைக் குடித்தேன். ஐந்து நாள் இது நடந்தது. ஐந்து நாளும் கஷாயம் கொண்டு வந்தாய்.

ஆறாவது நாள் காலையில் மேனேஜர் ஒவ்வொரு லைனாக வந்தார். பாத்ரூமுக்கு அடிக்கடி போகிறார்கள், பீஸ் இறங்கவில்லை, ஷிப்மென்ட் போகிறவரை ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்தான் என்றார். இரண்டாம் நம்பரை எடுத்து என் டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஒவ்வொருத்தியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களிடமிருந்து பாதி டோக்கனை எடுத்துவிட்டோம். இப்படி ஒரு யோசனை எங்களைப்போல் டோக்கனைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத்தான் வரும்.

பதினொரு மணி இருக்கும். நீ எழுந்து வந்தாய். "டோக்கன் குடுங்க மேடம்" என்றாய். ஒன்றாம் நம்பர் வெளியே இருந்தது. "வரட்டும்" என்றேன். போய் உட்கார்ந்தாய்.

கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தாய். முகம் வெளுத்து, மேலுதட்டில் வேர்த்திருந்தது. "மேடம், முடியல" என்றாய். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப வந்துருவா" என்றேன். உன் முகத்தைப் பார்க்காமல் புரொடக்ஷன் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். நீ போய் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். இரண்டு காலர் வைத்தாய். அதை நான் பார்த்தேன், இரண்டும் நேராகத்தான் இருந்தன.

மூன்றாவது தடவை நீ எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாய்.

"குவார்ட்டர்ஸு."

லைனில் நீ என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். முப்பது மெஷின் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. நான் டிராயரைத் திறந்தேன். டோக்கனை எடுத்துக்கொண்டு உன்னிடம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் புடவை, ஸ்டூல், தரை. நீ காலரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய், அதில் படாமல். பக்கத்து மெஷின்காரிகள் எழுந்து தள்ளி நின்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்த நேரத்திலும் டோக்கனை உன் கையில் கொடுத்தேன். இனி எதற்கு என்று தெரியாமல் கொடுத்தேன். நீ அதை வாங்கி மூடிக்கொண்டாய். அப்புறம் வாந்தி எடுத்தாய்.

கம்பெனி வேனில் ஏற்ற வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வாட்ச்மேன்தான் ஓர் ஆட்டோக்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். உன்னோடு ஆட்டோவில் ஏறியது அவர். நான் ஏறவில்லை. நான் ஹெல்பரை விட்டு வெட்டுத்துணியைக் கொட்டித் தரையைத் துடைக்கச் சொன்னேன். பிறகு லைனைப் பார்த்து, "ம், வேலையைப் பாருங்க" என்றேன். மெஷின்கள் ஓட ஆரம்பித்தன.

நீ தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தாய். பிழைத்தாய். நான் பார்க்க வரவில்லை. அந்த எட்டு நாளுக்குள் ஷிப்மென்ட் போயிற்று, நகராட்சியிலிருந்து விசாரணைக்கும் வந்தார்கள். லைன் சூப்பர்வைசரின் வாக்குமூலம் வேண்டும் என்றார்கள். மேனேஜர் என்ன எழுத வேண்டும் என்று சொன்னார், நான் எழுதினேன். அதே அழகான கையெழுத்தில். "மேற்படி ஊழியர் மேனாம்பேட்டில் நோய் கண்ட பகுதியிலிருந்து வருபவர். வேலைக்கு வரும்போதே நோயுற்றிருந்தார். அதை நிர்வாகத்திடம் மறைத்தார். ஊழியர்கள் அனைவருக்கும் காய்ச்சிய நீரே வழங்கப்பட்டது." கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு காகிதத்தால் சம்ப் சுத்தமாகிவிட்டது. நோயைக் கொண்டுவந்தவள் நீ ஆகிவிட்டாய். மற்ற லைன்களில் விழுந்தவர்களுக்கும் உன் பெயரைத்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டோடு நீ கேட்டுக்கு வந்த அன்று நான் மாடி ஜன்னலில் இருந்தேன். புடவை உன்மேல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நீ சத்தம் போடவில்லை. மேலே பார்த்தாய். நான் ஜன்னலை விட்டு நகர்ந்தேன்.

பேச்சு தெருவரைக்கும் போயிற்று என்று பிறகு தெரிந்தது. குழாயடியில் நீ குடத்தை எடுத்த பிறகு அந்த இடத்தைக் கழுவிவிட்டுத்தான் மற்றவர்கள் பிடித்தார்களாம். ஒரு வருஷத்தில் நீ மேனாம்பேட்டை விட்டுக் கரையான்சாவடிக்குப் போனாய். நான் அதே கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தேன். இரண்டாம் நம்பர் எங்கே என்று கேட்டார்கள், தொலைந்துவிட்டது என்றேன். புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்தார்கள்.

கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்த பிறகு ஒருநாள் பஸ்ஸில் உன்னைப் பார்த்தேன். இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன், கூட்டம். நீ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் ஒதுக்கினாய். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"தொண்ட எப்டி கீது?"

"பரவாயில்லை" என்றேன்.

அது போதும் உனக்கு. வேறு கதை பேச ஆரம்பித்துவிட்டாய், தையல் கடை வைத்திருப்பதைச் சொன்னாய். அதற்கப்புறம் என் ஜாக்கெட் எல்லாம் உன்னிடம்தான். வேலப்பன்சாவடியில், போரூரில் எத்தனையோ கடை இருந்தும் உன்னிடம்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவேன். நீ டேப்பை என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, அளவெடுத்துக்கொண்டே, "தொண்ட எப்டி கீது?" என்பாய். "பரவாயில்லை" என்பேன். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இதே கேள்வி, இதே பதில். பழைய நாள் பாசத்தில் கேட்கிறாள் என்று நான் நினைத்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது.

இன்று மத்தியானம் உன் மகள் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். உன்னைப்போலவே நெற்றி. டோக்கனை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா இதை உங்ககிட்ட குடுக்கச் சொல்லுச்சு ஆன்ட்டி" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க தொண்டை எப்படி இருக்கு?"

"பரவாயில்லைம்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாய் பழகியிருந்தது.

அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டாள். நான் மேசையில் கிடந்த அந்த இரண்டைப் பார்த்தேன். இதை ஏன் இத்தனை வருஷம் வைத்திருந்தாய், ஏன் எனக்கு அனுப்பினாய், ஏன் அந்தக் கேள்வியையும் சேர்த்து அனுப்பினாய் என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. எழுந்து ஓடினேன். என் வயசுக்கு அது ஓட்டம்தான்.

"எனக்குத் தொண்டை வலியே இல்லைம்மா" என்றேன் தெருவில் நின்று. "அப்பவும் இல்லை."

உன் மகள் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதே நாற்காலியில் இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இப்பக் குடுங்க தண்ணி" என்றாள்.

நீ சொல்லி அனுப்பியிருந்தாயாம். "தொண்ட எப்டி கீதுன்னு கேளு. பரவால்லன்னு சொன்னா குடுத்துட்டு வந்துகினே இரு, பச்சத் தண்ணி குடிக்காத. வேற ஏதனா சொல்லுச்சின்னா உக்காந்து கேளு." இப்போது யோசித்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தண்ணீர் குடித்தாய் என்று டாக்டர் கேட்டிருப்பார். நீ ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, கடைசியில் என் பாட்டிலுக்கு வந்து நின்றிருப்பாய்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சார்ட் பேப்பர், அண்டா, டிராயர், வாக்குமூலம். நான் அழுதபோது அவள் ஆறுதல் சொல்லவில்லை. நியாயம்தான். முடித்ததும் கேட்டாள்.

"அப்ப எங்கம்மா கொண்டாரல."

"இல்லை."

"அந்தப் பேச்சு கரையான்சாவடி வரைக்கும் வந்துச்சு. ஸ்கூல்ல என்னை காலரா ஊட்டுப் பொண்ணுன்னு கூப்பிடுவாங்க. அம்மாகிட்ட கேட்டா, தெரியலடி, நான்தானோ இன்னாவோன்னு சொல்லும். என்கிட்டகூட ஒங்க பேரச் சொல்லல." தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அதை எழுதனது நீங்கதானே. இதையும் நீங்களே எழுதிக் குடுங்க. எனக்கு வேணும்."

நீ என்னை மன்னித்தாயா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை. உன் மகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல், அந்தப் பழியை நீயே மேலே போட்டுக்கொண்டு, நான் வாயைத் திறக்க முப்பது வருஷம் இடம் விட்டு வைத்திருந்தாய். நான் அதை ஜாக்கெட் அளவு கொடுத்துக் கழித்தேன். இனி எனக்கு மிச்சம் இருப்பது இந்தக் கையெழுத்து. இத்தனை வருஷம் கழித்தும் அழகாகத்தான் இருக்கிறது, அதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாளைக் காலை கரையான்சாவடிக்கு வருகிறேன். தெரு முனையில் நிற்கமாட்டேன். உன் மகள் கேட்டதை எழுதிவிட்டேன், அதில் தலைப்பிலேயே உன் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதியிருக்கிறேன். உனக்கும் ஒரு தடவை படித்துக் காட்டுகிறேன்.

"ஏழாவது லைனில் காலர் தைத்த மேற்படி ஊழியர் நோயோடு வேலைக்கு வரவில்லை. எதையும் மறைக்கவில்லை. கம்பெனி சம்ப்பில் சாக்கடை கலந்திருந்தது. அது எங்களுக்குத் தெரியும். காய்ச்சிய தண்ணீரை நாங்கள் குடித்துவிட்டு, அவரை அந்தத் தண்ணீரைக் குடிக்க விட்டோம். அவர் மூன்று முறை கேட்டார். டோக்கன் என் டிராயரில் இருந்தது.

இப்படிக்கு,
ஏழாவது லைன் சூப்பர்வைசர்."